அட்ஜஸ்ட் ஜெகதீசன்

"மினி ஹால் எங்களுக்குன்னுதானே சொன்னீங்க? உள்ள வேற யாரோ பாய் விரிச்சு உட்கார்ந்திருக்காங்க!"

அணுபுரத்திலிருந்து வந்திருந்த ராமானுஜம் அலைமகள் மஹாலின் போர்ட்டிகோவில் நின்றபடி கேட்டார். அவர் தோளில் பத்து மாதக் குழந்தை. பின்னால் மனைவி வைஷாலி. அவளுக்குப் பின்னால் வரிசைத் தட்டுகளோடு நாற்பது பேர். காலை மணி எட்டு.

மேனேஜர் ஜெகதீசன் கொஞ்சமும் பதறவில்லை. பூஞ்சேரி கூட்ரோட்டில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர் அவர்.

"காதுகுத்து எத்தனை மணிக்கு சார்?"

"ஒன்பது பதினேழுக்கு."

"பதினேழா?"

"ஒன்பது பதினேழுல ஆரம்பிச்சு ஒன்பது நாற்பத்திரண்டுக்குள்ள முடிக்கணும். நேரம் பார்த்துக் குறிச்சு வச்சிருக்கேன்."

"ஒண்ணும் பிரச்சனையில்ல சார். உள்ள இருக்கறவங்ககிட்ட நான் பேசறேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அந்த வார்த்தையை ஜெகதீசன் சொல்லிக் கேட்க வேண்டும். இங்கிலீஷ்காரன் அதை எதற்காக உண்டாக்கினானோ, ஸ்க்ரூ திருகவோ கடிகார முள்ளைத் தள்ளவோ, நமக்குத் தெரியாது. நம் ஊருக்கு வந்த பிறகு அது பார்க்காத வேலை இல்லை. பஸ்ஸில் யாராவது சொன்னால், மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காரப் போகிறார் என்று அர்த்தம். டெய்லர் சொன்னால் ஜாக்கெட் துணி போதவில்லை. கரண்ட் ஆபீசில் சொன்னால் லைன்மேன் இன்றைக்கு வரமாட்டார். கல்யாணமான பெண்ணிடம் அவளுடைய அம்மாவே சொன்னால், மாமியார் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம்.

ஜெகதீசனிடம் அதுவே வணக்கம், அதுவே மன்னிப்பு, அதுவே வாக்குறுதி. மாமல்லபுரம் வட்டாரத்துச் சமையல்காரர்கள், மேளக்காரர்கள், பந்தல்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'அட்ஜஸ்ட் ஜெகதீசன்'. வீட்டில் மட்டும் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம்: நடக்காது. திருப்பதிப் பயணம் நான்கு வருஷமாக அட்ஜஸ்ட்மென்டில் இருந்தது. மகளின் கிருகப்பிரவேசம் முகூர்த்த நாளில் வந்து தொலைத்ததால் அவர் இல்லாமலே பால் பொங்கியது. "முகூர்த்த நாள்ல எனக்கு ஏது லீவு? நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ லோகு" என்பார். மனைவி லோகநாயகியும் முப்பத்து மூன்று வருஷமாகப் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் இந்த ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை ஒரு சிக்கல் இருந்தது. ஆனி மாசம் இரண்டு கல்யாணப் பந்திகளை ஒரே டைனிங் ஹாலில் அட்ஜஸ்ட் செய்யப்போய், ஒரு மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் இன்னொரு கல்யாணத்து விருந்தைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் போய்விட்டார்கள். அதிலிருந்து மண்டபத்து ஓனர் விஜயகுமாரியம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. நேற்றுச் சாயங்காலம் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இனிமே ஒரே ஒரு பார்ட்டி எனக்கு கம்ப்ளைன்ட் பண்ணட்டும். மறுநாளிலேந்து நீ வூட்ல குந்திகினு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

ஜெகதீசன் உண்மையிலேயே பயந்துபோனார். மேளச்சத்தமும் சாம்பார் வாசனையும் இல்லாத காலை வேளையில் என்ன செய்வோம் என்று அவரால் யோசிக்கக்கூட முடியவில்லை. இன்றைக்கு மூன்று பார்ட்டிகள். மூன்றும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும்.

மினி ஹால் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். புக்கிங் நோட்டில் 'ரெஜினா, குடும்ப விழா, அறுபது பேர், காலை ஒன்பது மணி' என்று எழுதியிருந்தது அவள் பெயர்தான். அவர் மகள் வேலை பார்க்கிற அதே சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை என்று போனில் சொல்லியிருந்தாள்.

ஜெகதீசன் அவள் கழுத்தில் சிலுவையைப் பார்த்தார். மனசில் பாலை வார்த்தது போல இருந்தது. ராகுகாலம், எமகண்டம், லக்னம் எதுவும் பார்க்காத பார்ட்டி. எந்த நேரமும் நல்ல நேரம்.

"மேடம், ஒரு சின்ன உதவி. கைக்குழந்தை காதுகுத்து. அவங்களுக்கு நேரம் நெருங்குது. நீங்க பத்தரைக்கு வச்சுக்கிட்டா நல்லாருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

ரெஜினா உள்ளே திரும்பிப் பார்த்தாள். யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ சிரித்ததுபோலவும் கேட்டது.

"சரி சார். ஆனா பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சாகணும். அதுக்கு மேல முடியாது."

ஃபாதருக்கு வேறு ஊரில் பூசை இருக்கும் போலிருக்கிறது என்று ஜெகதீசன் நினைத்துக்கொண்டார்.

"தாராளமா மேடம்."

"நீங்களும் கூட இருக்கணும் சார்."

"நான் எங்க போகப்போறேன்? எல்லாத்தையும் கீழ டைனிங் ஹாலுக்கு ஷிப்ட் பண்ணிடலாம். நானே ஆள் அனுப்பறேன்."

"வேணாம் சார்! வயசானவங்க இருக்காங்க, நாங்களே கூட்டிட்டுப் போறோம். நீங்க அந்தப் பக்கம் போய் வேலையப் பாருங்க."

இப்படி ஒரு தங்கமான பார்ட்டியை இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை என்று மெச்சிக்கொண்டே அவர் அந்தப் பக்கம் போனார்.

அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி சுப்பிரமணி இறங்கிக்கொண்டிருந்தார். நாலு லாரிக்குச் சொந்தக்காரர். மெயின் ஹாலில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். நூற்றைம்பது பேர் என்று சொல்லியிருந்தார். மூன்று பஸ்களும் ஒன்பது வேன்களும் வந்து நின்றன.

"இன்னாங்க இது, முந்நூறு பேருக்கு மேல தேறும் போலக்கீதே?"

"சொந்தக்காரங்கள எண்ணிக்கினா கூட்டியார முடியும் அண்ணாத்த? எல்லாரும் வெறும் வயித்தோட வந்துகினு கீறாங்க. மொதல்ல நாஸ்தா போடு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு."

தன் வார்த்தையைத் தன்னிடமே ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பது? டைனிங் ஹாலுக்கு ஓடினார். ரெஜினா மறுபடி கதவில் நின்றாள்.

"மேடம், பின்னால கார் ஷெட் இருக்கு. கழுவி வுட்டு நல்லா கீது. கடல் காத்து சும்மா பிச்சுக்கினு வரும்."

"கார் ஷெட்டா?" ரெஜினாவின் முகம் ஒரு நிமிஷம் மாறியது. விஜயகுமாரியம்மாவின் நம்பர் இந்தப் பெண்ணிடம் இருக்குமோ?

உள்ளேயிருந்து மெல்லிய குரலில் யாரோ ஏதோ சொன்னார்கள். ரெஜினா பெருமூச்சு விட்டாள். "பழக்கம்தானாம் சார். போறோம்."

பழக்கமா? யாருக்கு என்ன பழக்கம்? கேட்க நேரமில்லை. வாழையிலைக் கட்டு வந்து இறங்கியது.

ஒன்பதேமுக்காலுக்குச் சுப்பிரமணி அவர் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக வந்து நின்றார். "எங்க ஐயரு திருக்கழுக்குன்றத்தாண்ட பைக் பஞ்சராயி நின்னுகினு கீறாரு. லக்னப் பத்திரிகை யாரு படிக்கறது? நீ படிக்கிறியா?"

ஜெகதீசன் நாலாபுறமும் பார்த்தார். கார் ஷெட் ஓரமாக, ஒரு பிளாஸ்டிக் சேரில், மடியில் பஞ்சாங்கத்தோடு ஒரு ஐயர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். காதுகுத்துக்கு வந்தவராக இருக்கும். அங்கே ஆசாரிதான் முக்கியம், ஐயர் சும்மாதான் இருக்கிறார்.

"சாமி, ஒரு பத்து நிமிஷம் மெயின் ஹால்ல அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"நான் வேற ஒருத்தருக்கு வந்திருக்கேன்பா."

"எங்க சாமி?"

"இங்கேயேதான். ஆனா அவரைத்தான் ஒரு இடத்துல நிக்கவைக்க முடியலியே" என்று ஐயர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஆள் வர்றதுக்குள்ள இத முடிச்சுடலாம், வாங்க!" ஜெகதீசன் ஐயரைக் கையோடு எழுப்பி, மெயின் ஹால் மேடையில் ஏற்றிவிட்டார். பத்து நிமிஷம் என்று சொல்லித்தான் ஏற்றினார். சுப்பிரமணியின் பங்காளிகள் இரு வீட்டு ஏழு தலைமுறைப் பெயரையும் பத்திரிகையில் சேர்க்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது மாலை. நிச்சயதார்த்த மாலை செங்கல்பட்டிலிருந்து வந்துகொண்டே இருந்ததே தவிர, வந்து சேரவில்லை. ஜெகதீசன் மண்டபத்துப் பூக்காரி ஆராயியிடம் ஓடினார். அவளுடைய கூடையில் ஈரத்துணிக்கு அடியில் இரண்டு ரோஜா மாலைகள், ஆள் உயரத்துக்கு, பளபளவென்று கிடந்தன.

"ஆராயி, அத இப்டிக் குடு."

"ஐயய்யோ சார், அது வேற பார்ட்டிதுங்க. சொல்லிவச்சுக் கட்டுனது."

"எந்தப் பார்ட்டி?"

ஆராயி வாயைத் திறந்தாள். பிறகு கார் ஷெட் பக்கம் பார்த்தாள். ரெஜினா அங்கே வெயிலுக்கு மறைப்பாக இரண்டு புடவைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அத... சொல்லக் கூடாதுன்னுகீறாங்க சார்."

"மால வாங்கறதுல இன்னா ரகசியம்? நீ வேற கட்டிக்க. அட்ஜஸ்ட் பண்ணு ஆராயி!"

மாலைகள் போய்விட்டன. ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

பத்தரை மணிக்கு, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மினி ஹாலுக்குப் போனார். அங்கே காதுகுத்து இன்னும் தொடங்கவே இல்லை. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ராமானுஜம் கைக்கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் குத்தலியா சார்?"

"தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்தறது? என் மச்சான் ரோஹித் கேளம்பாக்கத்துலேந்து வர்றான். திருப்போரூர்ல மாட்டிக்கிட்டானாம். முகூர்த்த நாள், கோயில் கூட்டம். ஒன்பது பதினேழு போச்சு. அடுத்தது பத்து ஐம்பத்தொண்ணு. அதையும் விட்டா இந்தக் குழந்தைக்குக் கல்யாணத்தப்பதான் காது குத்தணும்."

அப்போது ஜெகதீசனின் போன் அடித்தது. லோகநாயகி.

"எங்க கீறீங்க?"

"மண்டபத்துலதான். வேற எங்க?"

"மண்டபத்துல எந்த மூலையில?"

"மூலையின்னா? இன்னா கேள்வி இது? தலைக்கு மேல வேலை கீது லோகு. நீ சாப்ட்டுட்டுப் படு. சாயங்காலம் பேசிக்கலாம்."

"நான் எங்க படுக்கறது? காத்துதான் பிச்சுக்கினு வருது" என்றாள் அவள். ஜன்னலை மூடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பத்து நாற்பத்தெட்டு. கார் ஷெட்டில் தங்கமான பார்ட்டி வெயிலில் காய்கிறது. ஜெகதீசன் ஒரு முடிவுக்கு வந்தார். மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கொழந்தய என் மடியில குடும்மா. என்னக் கூடப்பொறந்த அண்ணனா நெனச்சுக்கோ."

"சார், நீங்க மேனேஜர்!" என்றாள் வைஷாலி.

"இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

குழந்தையின் அழுகையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த வைஷாலி, குழந்தையை அவர் மடியில் வைத்தாள். ஆசாரி மின்னலாக இடது காதைக் குத்தினார். அதே மின்னல் வேகத்தில் குழந்தையும் ஜெகதீசனின் பேன்ட்டை நனைத்தது. சரியாக அந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. வேர்க்க விறுவிறுக்க ரோஹித், கையில் சீர்த்தட்டோடு.

"அக்கா, யாரு இது? என் எடத்துல யாரு உட்கார்ந்திருக்கறது?"

"தம்பி, கோச்சுக்காதீங்க. ஒரு காதுதான் ஆச்சு. இன்னொண்ணு உங்களுக்குன்னு வச்சிருக்கோம்."

ரோஹித் ஆறவில்லை. தாய்மாமன் என்றால் இரண்டு காதும்தான் என்றான். ஆசாரி, ஒருமுறை குத்தினது குத்தினதுதான் என்றார். ராமானுஜம், வலது காதுக்குப் புதிதாக நேரம் குறிக்கத் தொடங்கினார். பதினொன்று பத்தொன்பதாம். அதுவரைக்கும் மினி ஹாலை யாரும் விட மாட்டார்களாம்.

வலது காது குத்தி, சீர்த்தட்டு வாங்கி, போட்டோ எடுத்து முடிக்கையில் பதினொன்று முப்பத்தைந்து. ஜெகதீசன் ஈரப் பேன்ட்டோடு படியிறங்கினார். அறுபதைத் தொடப்போகிற முழங்கால் இரண்டும் காலையிலிருந்து ஏறி இறங்கியதில் கெஞ்சின. போன் அடித்தது. இந்தத் தடவை விஜயகுமாரியம்மா.

"ஜெகதீசன், கார் ஷெட்ல ஒரு பார்ட்டியக் குந்தவச்சிருக்கியாமே?"

"அவங்க... அவங்க கம்ப்ளைன்ட் பண்ணாங்களாம்மா?"

"பண்ணல. பண்ண மாட்டாங்க. அதான் எனக்கு மனசு கேக்கல. அவங்களும் எவ்ளோதான் வுட்டுக்குடுப்பாங்க? பன்னெண்டு மணிக்குள்ள அந்த விசேஷம் மினி ஹால்ல நடக்கணும். நடக்கலியா, நாளைக்கு நீ மண்டபத்துப் பக்கமே வராத."

ஜெகதீசனுக்கு முதலில் வந்தது பயம். அதற்குப் பின்னாலேயே வந்தது வெட்கம். உண்மைதான். சண்டை போடுகிறவனுக்கெல்லாம் மெயின் ஹாலும் நாஸ்தாவும் மாலையும் கொடுத்தாயிற்று. வாய் திறக்காமல் சரி சரி என்றவர்களைக் கடைசியில் கார் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாயிற்று. இத்தனை வருஷம் அட்ஜஸ்ட் அட்ஜஸ்ட் என்று சொன்னதெல்லாம் தான் செய்ததே இல்லை, அடுத்தவர்கள் செய்ததுதான் என்று அந்தப் படிக்கட்டில் நின்றபோது அவருக்கு முதல்முறையாக உறைத்தது.

சுப்பிரமணி எதிரே வந்தார்.

"அண்ணாத்த, மினி ஹால்ல ஏசி சூப்பரா கீதாம். பொண்ணையும் மாப்ளையும் வச்சு நாலு போட்டோ புடிச்சுக்கறோம். அரை மணி அட்ஜஸ்ட் பண்ணு."

"முடியாது."

சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன். அது வேற பார்ட்டியோட ஹாலு. அவங்க நேரம். அவ்ளோதான்."

சுப்பிரமணி மீசையைத் தடவினார். அடிக்கப்போகிறார் என்று ஜெகதீசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி வுடு. மரத்தாண்ட எடுத்துக்கறோம். அதுக்கு ஏன் கத்துற?"

இவ்வளவுதானா! ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்றா! இருபத்திரண்டு வருஷத்தை வீணடித்துவிட்டோமே என்று ஜெகதீசனுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. புது வேகம் பிறந்தது. ராமானுஜத்தின் சொந்தங்களைப் பந்திக்கு அனுப்பினார். தானே துடைப்பம் எடுத்து மினி ஹாலைப் பெருக்கினார். மெயின் ஹாலில் இரண்டாவது தடவையாகக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐயரை, "உங்களுக்குன்னு யாரோ காத்துகினு கீறாங்களே, போங்க சாமி" என்று விடுவித்தார். ஆராயியிடம் போய்ச் சம்பங்கி, சாமந்தி, கையில் இருக்கிற எதுவானாலும் இரண்டு மாலை உடனே கட்டச் சொன்னார்.

"இப்ப யாருக்கு சார்?" என்றாள் ஆராயி.

"யார்ட்ட எடுத்தமோ அவங்களுக்குத்தான். கேட்டு வாங்கக்கூடத் தெரியாத ஜனங்க. நாமதான் பாத்துச் செய்யணும்."

கார் ஷெட்டுக்குப் போய், தொங்கிய புடவைக்கு இந்தப் பக்கம் நின்று கைகூப்பினார்.

"மேடம், என்ன மன்னிச்சிடுங்க. உங்கள நான் ரொம்ப அலைய வுட்டுட்டேன். ஹால் ரெடி. பன்னெண்டு மணிக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் கீது. யார் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். என் வேலையே போனாலும் பரவாயில்ல. வாங்க."

புடவைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரெஜினா தலையை மட்டும் நீட்டினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"நீங்க கொஞ்சம் திரும்பி நில்லுங்க சார், நாங்க வந்துடறோம்."

ஜெகதீசன் மரியாதையாகத் திரும்பி நின்றார். கொலுசுச் சத்தமும் பட்டுப்புடவைச் சரசரப்பும் அவர் முதுகுக்குப் பின்னால் கடந்து மினி ஹாலுக்குள் போயின. பின்னாலேயே போய், கதவுக்கு வெளியே காவல் நின்றார். இனி ஒரு ஈ காக்காய் உள்ளே நுழையாது.

பதினொன்று நாற்பத்தொன்பது. பதினொன்று ஐம்பது. உள்ளே பேச்சுச் சத்தம்தான் கேட்டது. எதுவும் தொடங்கியதாகத் தெரியவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டு. ஜெகதீசனால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தட்டினார். ரெஜினா வந்தாள்.

"மேடம், ஹாலு ஆச்சு, மால வருது. இன்னும் எட்டு நிமிஷம்தான் கீது. இன்னும் யாருக்காக வெயிட்டிங்?"

ரெஜினா பதில் சொல்ல வாயெடுத்தாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்குள் சம்பங்கி மாலைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஆராயி படியேறி வந்தாள். இனியும் தன்னால் வாயைக் கட்ட முடியாது என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"பொண்ணு லோகநாயகியம்மா எப்பவோ மணையில உக்காந்தாச்சு சார், அறுபதாங் கல்யாண மாப்ள நீங்கதான் இன்னும் ஈரப் பேன்ட்டோட வாசல்ல நின்னுகினு கீறீங்க!"